ராக்கப்பனுக்கு ஈடாக இரண்டு பேர்

அரியரத்தினம் யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயைச் சேர்ந்தவர். அரபு நாட்டில், ஜுபைல் என்ற ஊரில், நானும் அவரும் நான்கு வருடம் ஒரே கேபினில் இருந்தோம். நான் ஸ்டோர் கிளார்க். அவர் டைம் ஆபீஸில் இருந்தார். யார் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தான், எந்த சைட்டுக்குப் போனான் என்று பதிவதுதான் அவர் வேலை. கேம்புக்கு வரும் தபால்களைப் பிரித்துக் கொடுப்பதும் அவர் தலையில்தான் விழுந்திருந்தது.

மெலிந்த மனிதர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில் இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் அறையில் நாலு பேர் சேர்ந்து கோழி சமைப்போம். அதைப் பங்கு போடும் வேலையை யாரும் கேட்காமலே அவரிடம் விட்டிருந்தோம். நாலு தட்டிலும் வைத்துவிட்டு, மற்ற மூன்று பேரும் எடுத்த பிறகு மிச்சமிருக்கும் தட்டை எடுத்துக்கொள்வார். "பிரிக்கிறவன் கடைசியா எடுக்கவேணும் ஐசே. அப்பதான் பிரிப்புச் சரியா இருக்கும்" என்பார். அவரோடு இருந்த காலத்தில் எங்கள் அறையில் ஒரு சண்டை வந்ததாக எனக்கு நினைவில்லை.

எங்கள் கம்பெனியில் மேலே இருந்தவர்கள் எல்லாம் அமெரிக்கர்கள். பேஸ்பால் இல்லாத வெள்ளிக்கிழமை அவர்களுக்கு வெள்ளிக்கிழமையாகவே படாது. ஜுபைல் கேம்புக்குப் பின்னால் மணலை ரோலர் போட்டு அமுக்கி, அதன்மேல் கழிவு எண்ணெய் தெளித்து ஒரு மைதானம் உண்டாக்கியிருந்தார்கள். நாலு கேம்புகள், நாலு அணிகள். அந்தந்தக் கேம்பின் மேலாளர்தான் அந்த அணிக்கு முதலாளி மாதிரி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் எங்கள் மைதானத்துக்கு வருவார்கள். ஆடுபவர்களில் முக்கால்வாசி பிலிப்பினோக்கள். அவர்களுக்கு அந்த ஆட்டம் ஊரிலேயே பழக்கம்.

யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் அரியரத்தினம் கல்லூரி கிரிக்கெட்டுக்குக் கணக்கெழுதியவர். இது தெரிந்ததும் எங்கள் கேம்ப் மேலாளர் டிக்சன் பேஸ்பால் புத்தகத்தைத் தூக்கி அவரிடம் கொடுத்தார். ஒரு மாதத்தில் அந்த ஆட்டத்தின் கணக்கை அமெரிக்கர்களைவிட நன்றாக அறிந்துகொண்டார். அவர்களுக்கு அவர் பெயர் வாயில் நுழையவில்லை. 'ஹாரி' என்று கூப்பிட்டார்கள்.

இரண்டாவது வருடம் ஒரு புதுப் பிரச்சினை வந்தது. மேலாளர்கள் தங்களுக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். 'பந்து பிடிக்கிற உன் கேட்சரை எனக்குக் கொடு, பந்து எறிகிற என் பிட்சரை நீ எடு' என்று பேசி முடித்துவிட்டு, அடுத்த நாள் அந்த ஆட்களை வேலைமாற்றம் என்ற பெயரில் ஒரு கேம்பிலிருந்து இன்னொரு கேம்புக்கு அனுப்புவார்கள். பெரிய கேம்புக்காரர்கள் சின்னக் கேம்புக்காரர்களை ஏமாற்றுகிறார்கள் என்று கூச்சல் எழுந்தது. கடைசியில் ஒரு விதி போட்டார்கள். எந்த மாற்றமும் நியாயமானதுதான் என்று ஹாரி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தால் மட்டுமே செல்லும்.

அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கோழிப் பங்கைப் போலவே நினைத்தார். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினார். எத்தனை தடவை மட்டையைப் பிடித்தான், எத்தனை தடவை அடித்தான் என்பதோடு அவர் நிற்கவில்லை. கான்ட்ராக்ட் முடிய எத்தனை மாதம் இருக்கிறது என்றும் பார்ப்பார். ஆகஸ்டில் ஊருக்குப் போகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் பாதி மதிப்புத்தான். வாங்குகிற அணியில் அதே இடத்தில் நிற்க ஏற்கெனவே ஆள் இருந்தால் மதிப்பு இன்னும் குறையும். "நல்லவனோ கெட்டவனோ எண்டு பாக்கிறதில்லை ஐசே. ஆருக்கு, எப்ப, எதுக்கு எண்டு பாக்கவேணும்" என்று எனக்கு விளக்குவார். எனக்குப் பாதிதான் விளங்கும்.

ராக்கப்பன் பரமக்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்காரன். குழாய் தூக்கும் கூலியாக வந்தவன். முப்பது வயது இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை ஓவர்டைமில் மைதானத்துக்கு வெளியே குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது பந்து வேலியைத் தாண்டி அவன் காலடியில் விழுந்தது. எடுத்துத் திருப்பி எறிந்தான். பந்து தரையைத் தொடாமல் மைதானத்தின் மறுமுனையில் குந்தியிருந்த கேட்சரின் கையுறைக்குள் போய் 'பட்'டென்று விழுந்தது. ஆட்டம் அப்படியே நின்றுவிட்டது. டிக்சன் வேலிக்கு ஓடி வந்தார்.

"இவன் எங்கே பழகினான் என்று கேள், ஹாரி."

அரியரத்தினம் கேட்டார். ராக்கப்பன் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தான். "பழக்கமெல்லாம் இல்லண்ணே. ஆடு மேச்சேன். முன்னால போற ஆட்டைத் திருப்பணும்னா அது மூக்குக்கு முன்னால கல்லு விழணும். மேல பட்டுரக் கூடாது. அம்புட்டுத்தேன்."

அடுத்த ஆட்டத்திலிருந்து அவன் எங்கள் அணியில் மட்டைக்காரனுக்கு நேர் எதிரே, வெகு தூரத்தில் நின்றான். மட்டையைக் கொடுத்தால் சுத்த மோசம். அந்த ஆட்டத்தில் நாலு மூலைகளையும் வரிசையாகச் சுற்றி ஓடிவந்தால்தான் ஓர் ஓட்டம். ஆனால் பந்து அவன் கைக்குப் போய்விட்டால் எதிரணிக்காரன் அடுத்த மூலைக்கு ஓடப் பயப்படுவான். ஓடினால் அவனுக்கு முன்னால் பந்து போய்ச் சேர்ந்துவிடும். அரியரத்தினம் இதற்காகப் புத்தகத்தில் புதிதாக ஒரு கட்டம் கீறினார். ஓடியிருக்க வேண்டியவர்கள் ஓடாமல் நின்ற தடவைகள் அதில் ஏறின. "நடக்காமல் போனதையும் கணக்கில சேர்க்கவேணும். இந்த வெள்ளைக்காரருக்கு அது தெரியாது" என்றார். அந்தக் கட்டம் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

அமெரிக்கர்கள் ராக்கப்பனை 'ராக்கி' என்றார்கள். அவனுக்கும் அது பிடித்திருந்தது.

1984 ஜனவரிக் கடைசியில் ஹாலோரன் வந்தார். ஜுபைலிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் உள்ளே, பாலைவனத்தில் பம்பிங் ஸ்டேஷன் கட்டும் கேம்புக்கு அவர் மேலாளர். அவருக்கு ராக்கி வேண்டும். எங்கள் டிக்சனுக்கு நல்ல கேட்சர் இல்லை. ஹாலோரனின் கேட்சர் ரெய்னால்டோவுக்கு ராக்கி, ஒன்றுக்கு ஒன்று என்று பேசிக்கொண்டார்கள்.

செய்தி கேம்புக்குள் பரவ அரைநாள்கூட ஆகவில்லை. மாலை எங்கள் கேபினுக்கு ராக்கப்பன் வந்தான். கூடவே பன்னீர்செல்வம். பக்கத்து ஊர்க்காரன், பத்தாவது படித்தவன். ராக்கப்பனின் மனைவி மாரியம்மாளிடமிருந்து வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் அவன்தான். மாரியம்மாளுக்கும் எழுத்து வராது. அங்கே மீனாம்பாள் என்ற பள்ளிக்கூட டீச்சர் எழுதிக் கொடுப்பார்.

ராக்கப்பன் உட்காரவில்லை. "என்னைய மாத்த விடாதீங்கண்ணே. அங்கிட்டு நம்ம ஆளுக ஒருத்தரும் இல்லையாம். பூரா பிலிப்பினோவும் பாகிஸ்தான் பட்டாணியும்தேன். கடுதாசி வந்தா யாருகிட்டக் குடுப்பேன்?"

அரியரத்தினம் யோசித்தார். தாளில் 'நியாயமில்லை' என்று எழுதிவிட்டால் முடிந்தது. ஆனால் ஏன் நியாயமில்லை என்று காரணம் எழுத வேண்டும். கடிதம் வாசிக்க ஆளில்லை என்பதை அவர்கள் ஒரு காரணமாக எடுக்கமாட்டார்கள். பொய்க் காரணம் எழுத அவருக்கு வராது.

"தம்பி, உள்ளதை எழுதினாலே போதும்" என்றார். "நீர் ஒரு கேட்சருக்குச் சமனில்லை. ரெண்டு பேருக்குச் சமன். அதைத்தான் எழுதப்போறன். ஹாலோரன் ரெண்டு நல்ல ஆக்களைத் தரமாட்டான். விசயம் அதோடை முடிஞ்சிடும்."

அன்று இரவே இரண்டு பக்கத்துக்கு எழுதினார். ஓடாமல் நின்றவர்களின் கணக்கு, ராக்கப்பனின் கான்ட்ராக்டில் இன்னும் பதினாறு மாதம் இருப்பது எல்லாம் போட்டு, ரெய்னால்டோவோடு இரண்டாம் மூலையில் நிற்கும் எலக்ட்ரீஷியனையும் சேர்த்துக் கொடுத்தால்தான் நியாயம் என்று முடித்தார். ஹாலோரன் அதை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். பிறகு சிரித்தார்.

"சரி. இரண்டு பேரையும் எடுத்துக்கொள்."

அரியரத்தினம் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "நான் எழுதினதாலைதான் அவனுக்கு ஆசை கூடினது ஐசே" என்றார்.

போகிற அன்று ராக்கப்பன் அப்படியொன்றும் அழுதுகொண்டு போகவில்லை. இரண்டு ஆட்களைக் கொடுத்துத் தன்னை வாங்குகிறார்கள் என்பது கேம்ப் முழுக்கப் பேச்சாக இருந்தது. பன்னீர்செல்வத்தைப் பிடித்து அதை ஊருக்கு எழுதச் சொன்னான். "ரெண்டு ஆளுன்னு தெளிவா எழுதுடா. ஒருத்தன் கரண்டு வேலை தெரிஞ்சவன்னும் எழுது" என்று பக்கத்திலேயே நின்றான். கடிதங்களைப் பற்றி அரியரத்தினத்திடம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டான். "அங்கிட்டு அனுப்ப வேணாம்ணே. படிக்க ஆளில்லாம அதைப் பாத்துக்கிட்டே இருக்கணும். நீங்களே வச்சிருங்க. ஆட்டத்துக்கு வர்றப்ப வாங்கிப் படிச்சுக்கிறேன்."

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிப்ரவரி 24ஆம் தேதி ஹாலோரனின் பஸ்ஸில் வந்தான். பன்னீர்செல்வம் ஒரு கடிதத்தைப் படித்துச் சொன்னான். மகள் நாகவள்ளிக்கு மூன்று வயதாகிவிட்டது என்றும், ஆட்டுக்குட்டிக்குத் தன் சோற்றை ஊட்டுகிறாள் என்றும் அதில் இருந்தது. ராக்கப்பன் அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டான்.

மார்ச் 9ஆம் தேதி ஆட்டம் இல்லை. மணற்புயல் அடித்து, கேபின் கதவைத் திறக்க முடியவில்லை. 23ஆம் தேதி பம்பிங் ஸ்டேஷனில் கான்கிரீட் போடும் நெருக்கடி. ஹாலோரன் யாரையும் விடவில்லை. அந்த இடைவெளியில் ராக்கப்பனின் ஊரிலிருந்து மூன்று ஏரோகிராம் கடிதங்கள் வந்தன. அரியரத்தினம் அவற்றைத் தன் மேசை இழுப்பறையில், பேஸ்பால் புத்தகத்துக்குள் வைத்தார்.

எட்டு மாதத்துக்கு முன்னால், 83 ஜூலையில், அவருடைய மனைவி சிவமலர் கொழும்பில் தன் தமக்கை வீட்டில் இருந்தார். கலவரம் என்று ரேடியோ சொன்னது. அதன் பிறகு முப்பத்தாறு நாள் ஒரு செய்தியும் இல்லை. முகாமில் இருந்து, கப்பலேறி, காங்கேசன்துறையில் இறங்கி அவர் எழுதிய கடிதம் வரும்வரை அரியரத்தினம் தபால் மூட்டை வரும் நேரத்தில் சோறு தின்றதில்லை. கடிதம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ராக்கப்பன் சொன்னபடி செய்வதுதான் சரி என்று நினைத்தார். வாரத்துக்கு இரண்டு தடவை முகம்மது சித்தீக்கின் தண்ணீர் லாரி அந்தக் கேம்புக்குப் போகும். அவரிடம் கொடுத்துவிடலாமா என்று நான் ஒருமுறை கேட்டேன். "அவன் வேண்டாமெண்டு சொன்னவன் ஐசே. அங்கை ஆர் வாசிக்கிறது?" என்றார். நானும் அதை அதோடு விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 6ஆம் தேதி ராக்கப்பன் வந்தான். ஆறு வாரம் வெயிலில் நின்று இன்னும் கறுத்திருந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே சிரித்தான். பன்னீர்செல்வத்துக்கு அன்று பகல் டியூட்டி. ஆட்டம் தொடங்க அரைமணி நேரம் இருந்தது.

"நீங்களே படிங்கண்ணே. எத்தன வந்துருக்கு?"

"மூண்டு."

"மூணா!" என்று கையைத் தேய்த்துக்கொண்டு லாரி நிழலில் மணலில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். நான் தண்ணீர் டிரம்மைத் தூக்கிவந்து பக்கத்தில் வைத்துவிட்டு நின்றேன்.

அரியரத்தினம் தபால் முத்திரையைப் பார்த்து முதலில் வந்ததைப் பிரித்தார். நலம் விசாரிப்புக்குப் பிறகு, நாகவள்ளிக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், சாப்பிட மறுக்கிறாள், கண் மஞ்சளாக இருக்கிறது, கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறோம் என்று இருந்தது. ராக்கப்பனின் சிரிப்புக் குறைந்தது. "அடுத்ததைப் படிங்க. சரியாயிருக்கும்" என்றான்.

அடுத்தது இப்படி இருந்தது:

"பிள்ளையை பரமக்குடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். அப்பா எங்கே என்று கேட்கிறாள். உங்களுக்கு ஈடாக இரண்டு ஆளைக் கொடுத்து வாங்கினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவு மதிப்பாக வைத்திருக்கிறவர்கள் பத்து நாளைக்கு அனுப்பமாட்டார்களா? கேட்டுப் பாருங்கள்."

அரியரத்தினம் நிறுத்திவிட்டார். மூன்றாவது ஏரோகிராமைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அதை நான் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை.

"பிரிங்கண்ணே" என்றான் ராக்கப்பன்.

மூன்றாவது கடிதம் மீனாம்பாள் டீச்சர் தன் பெயரிலேயே எழுதியது. மாசி இருபத்தெட்டாம் தேதி விடியற்காலையில் குழந்தை தவறிவிட்டது. தந்தி கொடுத்தோம், கிடைத்ததா என்று தெரியவில்லை. மாரியம்மாள் யாரோடும் பேசுவதில்லை. இரண்டு வரியாவது எழுதுங்கள். அவ்வளவுதான். அரியரத்தினம் ஒரு சொல்லையும் விடாமல், கூட்டாமல், குறைக்காமல் வாசித்தார். அந்தத் தந்தி எங்களுக்கு வரவேயில்லை. முகவரியில் ஏதோ ஓர் எண் தப்பியிருந்ததாகப் பிறகு தெரிந்தது.

ராக்கப்பன் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "மாசி இருவத்தெட்டுன்னா இங்கிலீசுல என்னண்ணே?"

"மார்ச் பதினொண்டு. ஞாயிற்றுக்கிழமை."

"ஞாயித்துக்கெழமை..." என்று அவன் விரலை மடக்கினான். "அன்னைக்கு மெஸ்ஸுல ஆட்டுக்கறி போட்டாங்க. நான் ரெண்டு தடவ வாங்கித் தின்னேண்ணே."

 அதற்குள் மைதானத்திலிருந்து ஹாலோரன் கையைத் தட்டி, "ராக்கி! யல்லா!" என்று கூப்பிட்டார். ராக்கப்பன் எழுந்தான். கால்சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினான். கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு தன் இடத்துக்கு நடந்து போனான். நாங்கள் இருவரும் தடுக்கவில்லை. அந்த நேரத்தில் அவனுக்குப் போவதற்கு வேறு இடமும் இல்லை.

அரியரத்தினம் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார். இரண்டாவது சுற்றில் எங்கள் ஆள் ஒருவன் அடித்த பந்து உருண்டு ராக்கப்பனிடம் போனது. குனிந்து எடுத்தான். ஏற்கெனவே இரண்டாம் மூலையில் நின்ற எங்கள் இன்னொரு ஆள் வழக்கம்போல் ஓடத் தயங்கினான். ராக்கப்பன் எறியவில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். எங்கள் ஆள் மூன்றாம் மூலைக்கு ஓடினான். பிறகு 'ஹோம்' என்கிற கடைசி மூலைக்கே ஓடி வந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் அடித்தவனும் ஓடிவந்தான். ஹாலோரனின் ஆட்கள் கத்தினார்கள். ராக்கப்பன் பந்தைப் பார்த்தபடி நின்றுகொண்டேயிருந்தான்.

அரியரத்தினம் பென்சிலை வைத்துவிட்டு எழுந்தார். கணக்கெழுதுகிறவர் ஆட்டத்தின் நடுவில் மைதானத்துக்குள் போவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நேராக ஹாலோரனிடம் போய் ஏதோ சொன்னார். ஹாலோரன் தொப்பியைக் கழற்றினார். இருவரும் ராக்கப்பனிடம் நடந்தார்கள். அவன் விரல்களிலிருந்து பந்தை வாங்கியது அரியரத்தினம்தான். அன்று ஆட்டம் அதோடு நின்றது.

அடுத்த நாள் காலை அவர் டிக்சனின் அறைக்குப் போனார். நானும் ஒரு பில்லில் கையெழுத்து வாங்க அங்கே நின்றேன்.

"அந்த மாற்றத்தை ரத்துச் செய்யுங்கள்" என்றார்.

"ஏன்? நீதானே நியாயம் என்று எழுதினாய். யாருக்கு நட்டம்? எனக்கா, ஹாலோரனுக்கா?"

"உங்கள் இருவருக்கும் இல்லை."

டிக்சன் கெட்டவர் அல்ல.  "அவனை ஊருக்கு அனுப்ப என்ன வேண்டுமோ செய், ஹாரி. நான் கையெழுத்து வைக்கிறேன்" என்றார்.

ஆனால் அந்தக் கையெழுத்து மட்டும் போதவில்லை. ராக்கப்பனின் பேப்பர்கள் எங்கள் சப்-கான்ட்ராக்டரிடமிருந்து ஹாலோரனின் சப்-கான்ட்ராக்டருக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். அவன் இப்போது எங்கள் ஆள் இல்லை என்று முதல் கஃபீலின், அதாவது அவன் விசாவுக்குப் பொறுப்பான அரபு முதலாளியின், ஆபீஸ் சொன்னது. இன்னும் வந்து சேரவில்லை என்று இரண்டாவது ஆபீஸ் சொன்னது. பாஸ்போர்ட் இருவருக்கும் நடுவில் எங்கோ கிடந்தது. நாட்டைவிட்டுப் போக வேண்டிய எக்ஸிட் முத்திரைக்கு யாராவது ஒருவர் அவனைத் தன் ஆள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அரியரத்தினம் தன் லீவ் நாட்களைப் போட்டு, சித்தீக்கின் லாரியிலும் வேறு வண்டிகளிலும் அந்த ஆபீஸ்கள் இருந்த தம்மாமுக்கு ஆறு தடவை போய்வந்தார். ஒவ்வொரு தடவையும் "புக்ரா", நாளைக்கு வா என்பார்கள். பத்தொன்பது நாள் ஆயிற்று.

கடைசி இரண்டு நாளும் ராக்கப்பன் எங்கள் கேபினில்தான் இருந்தான். கொடுத்ததைத் தின்றான். கேட்டதற்குப் பதில் சொன்னான். ஒரு மத்தியானம் அரியரத்தினம் எழுதாத ஏரோகிராம் ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாரியம்மாளுக்கு என்ன எழுத தம்பி?"

"வர்றேன்னு எழுதுங்க."

"வேறை?"

"வேற என்னண்ணே எழுதறது."

அந்த ஒரு வரிக் கடிதம் அவனுக்குப் பிறகுதான் ஊர்போய்ச் சேர்ந்திருக்கும். ஏப்ரல் 25ஆம் தேதி தஹ்ரான் விமான நிலையத்தில் அவனை பம்பாய் விமானத்துக்கு ஏற்றிவிட்டோம். கதவுக்குள் போகும்போது அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று திரும்பி வரும் வழியில்தான் அரியரத்தினம் அதைப் பேசினார்.

"நான் திகதியளைப் போட்டுப் பாத்தன் ஐசே. முதல் கடிதம் என்ரை மேசைக்கு வந்தது பத்தாம் திகதி. பிள்ளை போனது பதினோராம் திகதி. அண்டைக்கே குடுத்திருந்தாலும் அவன் போய்ச் சேர்ந்திருக்கேலாது."

"அப்ப உங்களிலை பிழையில்லைத்தானே அண்ணை."

"பிள்ளைக்கு நான் ஒண்டும் செய்திருக்கேலாது. அது சரி. ஆனா இருபத்தாறு நாள் அவன் அங்கை சிரிச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறான். அவன்ரை மனுசி அங்கை தனிய இருந்து பதிலைப் பாத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அது என்ரை இழுப்பறைக்குள்ளை கிடந்தது."

அவர் அதற்குப் பிறகு பேஸ்பால் புத்தகத்தைத் தொடவில்லை. டிக்சன் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். வேறொருவர் எழுதினார். மாற்றங்களைப் பற்றிச் சண்டை வந்தது. மேலாளர்கள் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாமல் போனார்கள். 86இல் எண்ணெய் விலை விழுந்தபோது கேம்புகளையே பிரித்து அடுக்கிவிட்டார்கள். அரியரத்தினம் பக்கத்து நாட்டில், ஜெபல் அலியில் ஒரு கிடங்குக்குப் போனார். நான் அதே நாட்டில் ருவைஸுக்குப் போனேன்.

ராக்கப்பனுக்கு அவர் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை, டீச்சரின் கையெழுத்தில் பதில் வந்தது. ஊரில் வேலை இல்லை, உங்கள் பக்கம் ஒரு விசா கிடைக்குமா என்று ராக்கப்பன் கேட்டிருந்தான். அரியரத்தினம் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்காகத் திரிந்தார். அவன் மனைவியோடு இருப்பதுதான் நல்லது என்பது அவர் எண்ணம். நான் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் சொல்லிவிட்டேன்: "அண்ணை, அவன் எங்கை இருக்கவேணும் எண்டதைத் திரும்பவும் நீங்கள்தான் முடிவுகட்டுறியள்."

அவர் முகம் செத்துப்போயிற்று. அடுத்த நாளே விசாவுக்கு அலையத் தொடங்கினார். கிடைத்தும்விட்டது. ஆனால் அதற்குள் ராக்கப்பன் மெட்ராஸில் ஓர் ஏஜெண்டைப் பிடித்து பஹ்ரைனுக்குப் போய்விட்டான். இதைச் சொன்னது பன்னீர்செல்வம். அங்கேயும் வாசிக்க ஆளில்லாத கேம்ப்தானாம்.

அரியரத்தினம் கடிதம் எழுதுவதை விட்டுவிட்டு ஒரு கேசட்டில் பேசி, பஹ்ரைனுக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். என்ன பேசினார் என்று எனக்குச் சொல்லவில்லை.

88 டிசம்பரில் நான் ஜெபல் அலிக்குப் போயிருந்தபோது அதே கேசட் அவருக்குத் திரும்பி வந்திருந்தது. மறுபக்கத்தில் ராக்கப்பன் பேசியிருந்தான். அவர் அதை இன்னும் கேட்கவில்லை. நான் வரட்டும் என்று வைத்திருந்தார். அறையில் மற்றவர்கள் வேலைக்குப் போன பிறகு டேப் ரிக்கார்டரில் போட்டார்.

"அண்ணே, நான் ராக்கப்பன் பேசறேன். நல்லாருக்கேன். இங்க பாலம் கட்டுற வேலை. போன வைகாசில பொம்பளப் புள்ள பொறந்துருக்கு. நான் இன்னும் பாக்கல. பேரு அவதேன் வச்சிருக்கா, காளியம்மான்னு. பன்னீரு வந்தானா? அவனைக் கேட்டதாச் சொல்லுங்க. நீங்க பேசுனதக் கேட்டேண்ணே. கேட்டேன். வேற... வேற என்ன சொல்றது. இது ஓடிக்கிட்டே இருக்கு. எப்பிடி நிப்பாட்டுறதுன்னு தெரியல."

அதன் பிறகு பேச்சில்லை. யாரோ தூரத்தில் இந்தியில் கூப்பிட்டார்கள். ஒரு ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டது. நடுவில் ஒருமுறை அவன் இருமினான்.

நிறுத்தலாமா என்று நான் கையை நீட்டினேன். அரியரத்தினம் வேண்டாம் என்று தலையை அசைத்தார். நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருபது நிமிடத்துக்கு மேல் இருக்கும். எனக்கு ருவைஸ் வண்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோதும் அவர் அந்த ஜெனரேட்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.